கடைமடையிலிருந்து வராத சேதி

இன்றிருக்கும் ஊர்களுக்கு இன்றிருக்கும் பெயர்கள் வராத காலம் அது. கன்னலாறு என்றொரு ஆறு, அதன் கரையில் ஒரு நாடு, அந்த நாட்டுக்கு மருதவேள் என்றொரு அரசன். அரசன் என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டு தலைகளை வெட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். மருதவேள் நல்லவன். நல்லவன் செய்த தப்பு என்பதால்தான் உங்களை உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனுக்கு ஒரே மகள். பெயர் காந்தள். தாயில்லாத பிள்ளை. அரசனே மடியில் வைத்துச் சோறூட்டி வளர்த்தான். அவளோ அப்பனை முகத்துக்காகப் புகழ்ந்து பழகாதவள். அரசனுக்குப் பாடத் தெரியும் என்று அவையில் எல்லோரும் சொல்வார்கள். காந்தள் மட்டும், "அப்பா, நீங்கள் பாடினால் யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும்" என்பாள். அரசன் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

அந்த நாட்டில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அவற்றின் மேல்தான் நடக்கிறது.

முதல் வழக்கம், மூன்று சொல். ஊருக்கு ஊர் பறையறைவோர் உண்டு. ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பௌர்ணமிச் சந்தையில் கல் மேடையில் ஏறி, பறையைத் தட்டி, மூன்று சொல்வார்கள். அரசன் சொன்னது என்ன? அதிகாரி செய்தது என்ன? ஊருக்குக் கிடைத்தது என்ன? மூன்றும் ஒத்துப்போனால் சனங்கள் கை தட்டிவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போவார்கள். ஒத்துப்போகாவிட்டால், யார் பெயர் சொல்லப்பட்டதோ அவர் அடுத்த சந்தையில் வந்து மேடையின் கீழே நின்று பதில் சொல்ல வேண்டும். பல்லக்கில் வருகிறவரானாலும் தரையில்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழக்கம், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனுக்கானது. மகள் தன் வாயால் "வா" என்று சொல்லி அனுப்பாதவரை அவன் அவள் வாசலை மிதிக்கக் கூடாது. அழைக்காமல் போனால் மகள் வீட்டில் வேவு பார்க்க வந்தான் என்று ஊர் சிரிக்கும். அரசனுக்கும் அதே வழக்கம்தான்.

காந்தளைக் கடல்முகத்துத் தலைவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடல்முகம், கன்னலாற்றின் பெரிய கால்வாய் போய் முடிகிற கடைமடை ஊர். அதற்கப்புறம் மணல், அதற்கப்புறம் கடல். தண்ணீர் எல்லா ஊரையும் கடந்து கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேரும்.

வண்டி ஏறும்போது காந்தள் சொன்னாள், "அப்பா, சீக்கிரமே கூப்பிடுவேன். சாக்குச் சொல்லக் கூடாது."

"கூப்பிட்ட மறுநாள் நிற்பேன், பார்" என்றான் அரசன்.

கல்யாணத்துக்கு வந்த அண்டை நாட்டு மன்னர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. அதற்குள் பௌர்ணமிச் சந்தை வந்தது. விருந்தாளிகளோடு அரசனும் வேடிக்கை பார்க்கப் போனான். அன்று மேடை ஏறியவள் கொற்றி. தலைநகரத்துப் பறையறைபவள், சின்ன வயசு, பெரிய குரல்.

"அரசன் சொன்னது, பெரிய கால்வாயைக் கடைமடை வரைக்கும் தூர்வாரணும்னு. வாய்க்கால் அதிகாரி கோடன் செய்தது, தன்னோட வயல் வரைக்கும் வாரி, அங்கேயே மண்ணணை போட்டு மறிச்சது. கடைமடைக்குக் கிடைச்சது, புழுதி. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்து சொல்றேன்."

சந்தை சிரித்தது. விருந்தாளி மன்னர்களும் சிரித்தார்கள். ஒருவன், "உங்கள் அதிகாரி நல்ல விவசாயிபோல் தெரிகிறதே" என்று மருதவேளின் தோளில் தட்டினான். அரசனுக்கு முகம் சிவந்துபோயிற்று. கால்வாய் அடைபட்டது அவன் மனதில் ஏறவில்லை. தோளில் தட்டியதுதான் ஏறியது.

அமைச்சர் தேனூரார் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல அருகில் வந்தார். கோடன் அவருடைய மச்சினன் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை.

"மன்னா, வீட்டுக் குப்பையை வாசலில் கொட்டி வைக்கலாமா? அரசன் சொன்னது என்ற முதல் சொல் போதாதா? மற்ற இரண்டுக்கும் பதிலாக 'பிற நலம்' என்று சொல்லி முடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

அழகாகத்தான் இருக்கும் என்று அரசனுக்கும் பட்டது. ஆணை பிறந்தது. இனிமேல் யாரும் குறை சொல்லக் கூடாது. சந்தையிலும் கூடாது, அவையிலும் கூடாது, தூதாகக் கொண்டுவரவும் கூடாது. பறையறைவோர் முதல் சொல்லைச் சொல்லி, "பிற நலம்" என்று முடிக்க வேண்டும். அப்படி முடிக்கிறவர்களுக்குப் பட்டுத் தலைப்பாகை. மறுத்தவள் கொற்றி ஒருத்திதான். அவள் பறையைக் கிழித்து, அவளை ஆற்றுக்கு அக்கரையில் வேற்று நாட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

கோடன் அடுத்த சந்தையில் வந்து நிற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதல் மாதம் அரசன் நன்றாகத் தூங்கினான். இரண்டாம் மாதம் இன்னும் நன்றாகத் தூங்கினான். ஏரி நலம், விளைச்சல் நலம், கடல்முகத்தில் இளவரசி நலம். கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது. மூன்றாம் மாதம் காது குளிர்ந்தது, மனம் குளிரவில்லை. மகள் இன்னும் கூப்பிடவில்லையே!

புது வீடு, புது மனிதர்கள், வேலை இருக்கும் என்று தேற்றிக்கொண்டான். வருஷம் ஒன்று போயிற்று. தென்திசைச் சாலையைப் பார்த்த மாடத்தில்தான் இப்போது சாப்பாடு. தூசி எழும்பினால் கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும். வந்து சேர்வது உப்பு வண்டியாக இருக்கும், அல்லது கருவாட்டு வண்டியாக இருக்கும். அரசன் கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துபோவான். ஊரை ஆள்கிற மனிதன், ஒரு பெண்பிள்ளை "வாங்கப்பா" என்று சொல்வதற்காக ஏங்கிப்போனான்.

ஒருநாள் கடல்முகத்துத் தூதன் வந்தான். "இளவரசி நலம். குழந்தையும் நலம்."

அரசன் ஆசனத்திலிருந்து எழுந்தேவிட்டான். "குழந்தையா! ஆணா, பெண்ணா?"

தூதன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் கூரையைப் பார்த்தார். ஆண் என்றால் அரசனுக்குப் பிடிக்குமா, பெண் என்றால் பிடிக்குமா, எது குறையாகப் போய் முடியும் என்று தூதனுக்குத் தெரியவில்லை.

"நீங்கள் எதை விரும்புகிறீர்களோ அது, மன்னா" என்றான்.

அவையில் எல்லோரும் ஆகா என்றார்கள். அரசனுக்கு மட்டும் எங்கோ சுருக்கென்றது.

"என்னை அழைத்தாளா?"

"இளவரசி நலம், மன்னா."

"அதைச் சொல்லிவிட்டாயே. அழைத்தாளா என்று கேட்கிறேன்."

"எல்லாமே நலம், மன்னா" என்றவன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அதற்கப்புறம் மாதா மாதம் அதே சொற்கள் வந்தன. இரண்டாம் வருஷம் போயிற்று. மூன்றாம் வருஷமும் பாதி போயிற்று. பிள்ளைக்குப் பல் முளைத்திருக்குமே, நடந்திருக்குமே, தாத்தா என்று சொல்லத் தெரிந்திருக்குமே என்று அரசன் தனக்குள்ளேயே வளர்த்துப் பார்த்துக்கொண்டான். கோபித்துக்கொண்டாளா? என்ன தப்புச் செய்தோம்? போகலாமென்றால் வழக்கம் தடுத்தது. கேட்கலாமென்றால் 'நலம்' என்ற ஒரே சுவர் எதிரில் நின்றது.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. மறுநாள் அவை கூடியதும், ஒன்றும் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்.

"வெள்ளெருக்கூரில் இந்த வருஷம் விளைச்சல் எப்படி?"

வரி அதிகாரி முந்திக்கொண்டார். "பொன்னாக விளைந்திருக்கிறது, மன்னா. இரண்டு போகம்."

"அங்கே களஞ்சியம்?"

களஞ்சிய அதிகாரி எழுந்தார். "வழிகிறது, மன்னா. எலிகூட நுழைய இடமில்லை."

"சாலை?"

சாலை அதிகாரி நெஞ்சில் கை வைத்தார். "நேற்றுத்தான் அந்த வழியாக வந்தேன். மாட்டுவண்டியில் படுத்துத் தூங்கினால் எழுந்திருக்க மனம் வராது. வெள்ளெருக்கூர் மக்கள் மன்னரை வாயார வாழ்த்துகிறார்கள்."

அரசன் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். அவையும் கூடச் சிரித்தது, ஏன் என்று தெரியாமலே. பிறகு அவன் சொன்னான்: "வெள்ளெருக்கூர் என்று ஒரு ஊரே இந்த நாட்டில் கிடையாது. காலையில் பல் துலக்கும்போது நான் வைத்த பெயர்."

அவையின் சிரிப்பு பட்டென்று அறுந்தது. அரசனின் சிரிப்பும் பாதியில் நின்றது. இல்லாத ஊருக்கு நலம் சொன்ன இதே வாய்கள்தானே என் மகளுக்கும் நலம் சொல்லின! அப்படியானால் அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மூன்று வருஷமாக ஒன்றுமே தெரியாது.

உண்மை சொல்கிற ஒரு வாய் வேண்டுமே என்று யோசித்தான். நாடு முழுக்கத் தேடியும் ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

அக்கரையில் ஓடத்துறைப் பக்கம் கொற்றி அவல் விற்றுக்கொண்டிருந்தாள். பரிவாரம் இல்லாமல், சாதாரண மேலாடையோடு ஓடத்திலிருந்து இறங்கிய ஆளை ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். எழுந்திருந்தாள். கும்பிடு போட்டாள். அதற்கு மேல் குழையவில்லை.

"கொற்றி, என் மகள் எப்படி இருக்கிறாள்?"

"தெரியாது ராசா."

"நீயுமா பயப்படுகிறாய்?"

"பயமா? இந்தக் கரையில உங்க ஆணை செல்லாதே. பயந்திருந்தா நல்லா இருக்காங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். நான் அந்தப் பக்கம் போயி மூணு வருசமாச்சு. கண்ணால பாக்காததை வாயால சொல்றது எங்க வழக்கமில்ல."

தெரியாது என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அரசன் அவல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகை வரும்போல இருந்தது.

"எனக்காகப் போய்ப் பார்த்துச் சொல்வாயா? நானும் வருகிறேன். ஊர் எல்லை வரைக்கும்தான். அழைக்காமல் அவள் வாசலை மிதிக்க மாட்டேன். நன்றாக இருக்கிறாள் என்று நம்புகிறமாதிரி யாராவது ஒருவர் சொன்னால் போதும், திரும்பிவிடுவேன்."

கொற்றிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் விட்டுக்கொடுக்கவில்லை.

"மூணு விசயம் ராசா. வழியில நான்தான் கேப்பேன். நான் சொன்னா நீங்க மறைஞ்சுக்கணும். மூணாவது, கேட்டு வந்ததை உங்க காதுல மட்டும் ஓத மாட்டேன். சந்தையில நின்னு சொல்வேன். அது யார் பேரா இருந்தாலும் சரி."

மூன்றாவதுக்கு அரசன் தயங்கினான். தோளில் தட்டிச் சிரித்த அந்த விருந்தாளியின் முகம் வந்து போயிற்று. அப்புறம் வண்டியில் ஏறிய மகளின் முகம் வந்தது. "சரி" என்றான்.

கூண்டு வண்டி ஒன்றில் கால்வாய்க் கரையோடு தெற்கே போனார்கள். போகப் போகக் கரும்பும் வாழையும் நெல்லும் பச்சைப் பசேலென்று இருந்தன. எல்லாம் கோடனுடையவை. பச்சை முடிந்த இடத்தில் கால்வாயின் குறுக்கே ஆளுயர மண்ணணை. கொற்றி அன்று சொன்ன அதே அணை. இப்போது அதன்மேல் புல்லே முளைத்திருந்தது. அணைக்கு அப்பால் கால்வாய் எருக்கம்புதர் மண்டிக் கிடந்தது. அரசன் வண்டியை விட்டு இறங்கி அந்த வறண்ட மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கடைசி ஊர் எது என்று அவனுக்குத் தெரியும். மறுபடி வண்டியில் ஏறினான்.

அடுத்த ஊரில் அரசன் கொற்றியோடு நின்றிருந்தான். கைவிரல் மோதிரத்தை யாரோ பார்த்துவிட்டார்கள். விலா எலும்பு தெரிய நின்ற ஒருவன், "எல்லாம் நலமுங்க. மன்னர் புண்ணியத்துல மூணு வேளை சோறுங்க" என்றான். பின்னால் அவன் மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தது.

"ராசா, வண்டிக்குள்ள போயிருங்க" என்றாள் கொற்றி.

அதற்கடுத்த ஊரில் அரசன் கூண்டுக்குள் பாயை இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதே மாதிரி மனிதர்கள், அதே மாதிரி வறட்சி. ஆனால் இப்போது வாய் திறந்தது. தண்ணீர் வந்து மூன்று வருஷம் ஆயிற்று, பாதி ஊர் கிளம்பிப் போய்விட்டது, முறையிடப் போனவனைக் குறை சொன்னான் என்று கட்டி வைத்து அடித்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். தன் நாட்டு மக்களின் குரலை அரசன் பாய்க்குப் பின்னால் இருந்து கேட்டான். நேரில் நின்றிருந்தால் அவனுக்கு அது கிடைத்திருக்காது.

மூன்றாவதாக வந்தது கடல்முகம். ஊர் முகப்பில் ஒரு குட்டை, பச்சைப் பாசி படர்ந்த குட்டை. குடத்தோடு ஒரு பெண் பாசியை விலக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் மாசாத்தி. தலைவன் வீட்டில் காந்தளுக்குப் பிரசவம் பார்த்தவள்.

வண்டி நின்றது. கொற்றி இறங்கினாள். உள்ளே அரசன் பாயைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இந்த ஊரு இளவரசி எப்படி இருக்காங்க?"

மாசாத்தி குடத்தைக் கீழே வைத்தாள். "எங்க காந்தளம்மாவா? போய்ச் சேந்து ரெண்டு மழைக்காலம் போச்சே தாயி. ஒனக்குத் தெரியாதா?"

பாயைப் பிடித்த கை, பிடித்தபடி இருந்தது.

"எப்படிக்கா?"

"எப்படின்னு சொல்ல? வாய்க்கால் நின்னுபோச்சு. கெணத்துல உப்பு ஏறிருச்சு. இந்தக் குட்டைத் தண்ணியத்தான் குடிச்சோம். காய்ச்சல் வந்து ஊரே படுத்துச்சு. மொதல்ல எங்க தலைவரு போனாரு. கைப்பிள்ளையோட அந்தப் புள்ள வீடு வீடாப் போயி கஞ்சி ஊத்துச்சு. அப்புறம் அதுவும் படுத்துருச்சு."

"அப்பாவுக்குச் சொல்லி அனுப்பலையா?"

"ஏன் அனுப்பல? மூணு தடவை அனுப்புச்சு. 'அப்பா, தண்ணி வரல, வந்து பாருங்க'ன்னு ஒரு தடவை. 'பொண்ணு பொறந்திருக்கா, பாக்க வாங்க, இங்க பால் குடுக்கிற பசுகூட செத்துப்போச்சு'ன்னு ஒரு தடவை. கடைசியா 'எனக்குக் காய்ச்சல், அப்பாவைப் பாக்கணும்'னு ஒரு தடவை. போன ஆளுங்க என்ன செய்வாங்க பாவம். குறை சொல்ற சேதி கொண்டுபோனா நாக்கை அறுத்துருவோம்னு அமைச்சரோட ஆளுங்க வழியிலயே மெரட்டினாங்களாம். நலம்னு மட்டும் சொல்லிட்டு வந்து, இங்க எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாம நின்னாங்க."

மாசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, 'அப்பாவா பாரு, மாசாத்தி'ங்கும். நான் எட்டிப் பாப்பேன். உப்பு வண்டியா இருக்கும். கருவாட்டு வண்டியா இருக்கும். இல்லம்மான்னு சொல்லுவேன். 'கூப்பிட்ட மறுநாள் வந்து நிப்பேன்னு சொன்னாரே'ன்னு சொல்லிச் சொல்லியே போயிருச்சு. அவருக்கு என்ன தாயி, ராசா. வேலை இருந்திருக்கும்."

அங்கே அவன் எந்தச் சாலையைப் பார்த்துக் காத்திருந்தானோ, அதே சாலையின் இந்த முனையில் அவளும் காத்திருந்திருக்கிறாள். அவன் நடுவே போட்டு வைத்த ஆணை இருவரையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. மருதவேள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதான். அவன் கட்டிய வாய்களிலேயே கடைசி வாய் அவனுடையதாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது கண்கள் நெருப்பாக இருந்தன. "கோடன் தலை வேண்டும் எனக்கு. இன்றைக்கே" என்றான்.

கொற்றி வழியை மறித்து நின்றாள். அவளுக்கும் அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் சொன்னாள்: "தலையை எடுத்தா அது எப்படி ராசா பதில் சொல்லும்? தண்ணி எங்க போச்சுன்னு அவன் நின்னு சொல்லட்டும். சேதிய மறைச்சது யாருன்னு அமைச்சர் நின்னு சொல்லட்டும். நீங்களும் நிக்கணும். நாளைக்குப் பௌர்ணமிச் சந்தை."

அரசன் கடல் பக்கம் நடந்தான். மகளைப் புதைத்த மணல்மேட்டில் அன்றைய பொழுதைக் கழித்தான். வாசலை மிதிப்பதற்குத்தான் அழைப்பு வேண்டும். மேட்டுக்கு வேண்டியதில்லை. அதுவும் மூன்று முறை அழைத்துவிட்டுப் போனவளின் மேடு.

மறுநாள் சந்தை என்று பேர், நாலு கடை இருந்தது. கொற்றி இரவல் பறையோடு கல்லின்மேல் ஏறினாள். சனங்கள் பட்டுத் தலைப்பாகையைத் தேடினார்கள், அவள் தலையில் இல்லை.

"அரசன் சொன்னது, கால்வாயைக் கடைமடை வரைக்கும் தூர்வாரணும்னு. அதே அரசன் சொன்னது, குறைய யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாதுன்னு. அதிகாரி கோடன் செய்தது, தன் வயலோட தண்ணிய மறிச்சது. அமைச்சர் தேனூரார் செய்தது, இங்கிருந்து போன சேதிய மறிச்சது. ஊருக்குக் கிடைச்சது, அதோ அந்த மணல்மேடு. பேர் சொல்லப்பட்டவங்க வந்து பதில் சொல்லணும்!"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மனிதன் வந்தான். கல்லின் கீழே, தரையில் நின்றான். மோதிரத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். சந்தையே தரையில் விழுந்து கும்பிட்டது.

"எழுந்திருங்கள்" என்றான் மருதவேள். "பதில் சொல்ல வந்திருக்கிறேன். முதல் குற்றம் என்னுடையது. கோடன் அணை போட்டான் என்று இவள் அன்றைக்கே சொன்னாள். எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் வாயைக் கட்டினேன். கோடனும் அமைச்சரும் அடுத்த சந்தையில் இதே இடத்தில் நிற்பார்கள். மூன்று சொல் இனி நாடு முழுக்கத் திரும்பவும் உண்டு. என்னைப் பற்றி என்றாலும் உண்டு. சொன்னவர் மேல் யார் கை வைத்தாலும் அவர் என் எதிரி. இப்போது உங்கள் குறைகளைச் சொல்லுங்கள்."

யாரும் சொல்லவில்லை.

ஒரு கிழவர் கும்பிட்ட கையை இறக்காமலே, "எல்லாம் நலமுங்க, மன்னா" என்றார். இன்னொருவர், "ஒரு குறையும் இல்லீங்க" என்றார். மூன்றாவது ஆள் தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளைகளைப் புதைத்த மனிதர்கள் நலம் நலம் என்றார்கள். ஆணையை ஒரு வார்த்தையில் எடுத்துவிட்டான், பயத்தை எடுக்க முடியவில்லை. அரசன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

பிறகு கோடன் நின்றான், அமைச்சர் நின்றார், மண்ணணை உடைபட்டது, தண்ணீர் கடல்முகம் வந்தது. எல்லாம் நடந்தது. ஆனால் முதலில் நடந்தது இதுதான்.

மாசாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வயதுக்கு ஏற்ற எடையில்லை, கண் மட்டும் பெரிது. அரசன் எதிரில் இறக்கிவிட்டாள். அது யார் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தரையில் முட்டி போட்டு அமர்ந்தான். தொடக் கை வரவில்லை. என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. கடைசியில், எல்லோரையும் கேட்டுப் பழகிய அதையே கேட்டான். "எப்படி இருக்கிறாய், கண்ணு?"

"நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று கூட்டத்தில் ஒருத்தி பதறினாள். "நலம்னு சொல்லும்மா, நலம்னு சொல்லு" என்று நாலு பேர் கிசுகிசுத்தார்கள்.

குழந்தை அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அரசனை நேராகப் பார்த்தது.

"பசிக்குது" என்றது.

மருதவேள் அவளை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். தன் சோற்று மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, மடியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே ஊட்டினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்தக் கிழவர் மெல்ல முன்னால் வந்தார்.

"எனக்கும் பசிதான், மன்னா" என்றார்.

பின்னால் இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். அன்று பொழுது சாயும்வரை கடல்முகம் பேசியது, அரசன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான்: குறையைச் சொல்கிற வாயை அடைக்கிற அரசு, யாருக்கும் பதில் சொல்லாத அதிகாரிகளை வளர்த்து, கடைசியில் தன் வீட்டுத் துயரத்தைக்கூட அறியாமல் போகும்.